இரண்டு சீமோன்கள், ஒரே கேள்வி

சுவிசேஷங்களில் சீமோன் என்ற பெயர் பலருக்கு உண்டு. அவர்களில் இரண்டு பேரிடம் இயேசு அன்பைப் பற்றி நேராகவே கேள்வி கேட்கிறார். ஒருவன் பரிசேயன். அவன் வீட்டுப் பந்தியில் கேட்டது லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இன்னொருவன் பேதுரு. திபேரியா கடற்கரையில் காலைச் சாப்பாடு முடிந்ததும் கேட்டது யோவான் 21இல் இருக்கிறது. முன்னதைப் பாவியான ஸ்திரீயின் கதையாகவும் பின்னதைப் பேதுருவின் மறுஅழைப்பாகவும் தனித்தனியே பிரசங்கங்களில் கேட்டுப் பழகிவிட்டோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. இரண்டு கேள்விக்கும் நடுவில் நிற்கும் சொல் "அதிகமாய்". கிரேக்க மூலத்தில் அன்புகூருவதற்கு இரண்டு இடத்திலும் வரும் வினைச்சொல்லும் ஒன்றே, அகபாவோ. கடன்காரர் இருவரில் எவன் அதிகமாய் அன்புகூருவான் என்பது பரிசேயனுக்கு வந்த கேள்வி. இவர்களைவிட அதிகமாய் நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்பது பேதுருவுக்கு வந்த கேள்வி.

முதல் சீமோன் சரியான பதில் சொன்னான். இரண்டாம் சீமோன் பதிலை முழுதாகச் சொல்லக்கூட முடியாமல் திணறினான். தேவனிடத்தில் நமக்கிருக்கும் அன்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்க விரும்புகிறவர்கள், யாருடைய பதில் தங்களுடையதைப் போல ஒலிக்கிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பரிசேயன் வீட்டுக்குள் போவோம். பந்தி என்றதும் நமக்குச் சம்மணம் போட்டு இலைக்கு முன்னால் உட்காருவதுதான் கண்ணில் வரும். அப்படி உட்கார்ந்தவருடைய பாதங்களை ஒருத்தி பின்னால் நின்று எப்படிக் கண்ணீரால் நனைத்தாள் என்பது சிறுவயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. அந்தக் காலத்து விருந்தில் இடது முழங்கையை ஊன்றி ஒருக்களித்துச் சாய்ந்துதான் சாப்பிடுவார்கள். தலை உணவின் பக்கம், கால் வெளிப்பக்கம். ஆகவே அவள் வந்து நின்றது விருந்தாளிகளின் முகம் திரும்பாத இடம். அங்கே நின்று அழுகிறாள், கூந்தலால் துடைக்கிறாள், முத்தமிடுகிறாள், பரணியிலிருந்த பரிமளதைலத்தைப் பூசுகிறாள். தொடக்கம் முதல் முடிவுவரை அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. லூக்கா அவள் பெயரையும் சொல்லவில்லை. 591இல் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இவளையும் மகதலேனா மரியாளையும் ஒருத்தியாக்கிப் பேசினார். அதிலிருந்து அந்தப் பெயர் இவள்மேல் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சீமோனைப் பழிக்க எனக்கு வாய் வருவதில்லை. இயேசுவைத் தன் வீட்டுக்கு அழைத்தவன் அவன். அந்தப் பெண்ணை விரட்டவும் இல்லை. மனதுக்குள் நினைத்ததோடு சரி. ஆனால் வந்த விருந்தாளிக்குக் காலுக்குத் தண்ணீர் இல்லை, முத்தம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. சாப்பாடு இருந்தது, பந்தியில் இடம் இருந்தது, வேதத்தைப் பற்றிய பேச்சும் இருந்திருக்கும். நம் ஞாயிற்றுக்கிழமைகளில் பல இப்படித்தான் கழிகின்றன. ஆண்டவரை அழைத்திருக்கிறோம், அவருக்கு இடமும் போட்டிருக்கிறோம். கால் கழுவத் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை.

அப்போது இயேசு ஒரு கடன் கணக்கைச் சொல்லுகிறார். ஒருவன் 500 வெள்ளிக்காசு கடன்பட்டவன், மற்றவன் 50. ஒரு வெள்ளிக்காசு அன்று ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாளைக் கழித்துக் கணக்குப் போட்டால் முதலாமவன் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உழைத்துத் தீர்க்க வேண்டியது. இரண்டாமவன் இரண்டு மாதத்தில் தீர்த்துவிடலாம். நாம் 500க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்திலேயே நின்றுவிடுகிறோம். கதையின் அடுத்த வரியோ இருவரிடமும் கொடுக்க ஒன்றுமில்லை என்கிறது. 50 கடன்பட்டவனும் திவாலானவன்தான். சீமோனுக்கு எட்டாமல் போனது இந்த வரி. யார் அதிகமாய் அன்புகூருவான் என்ற கேள்விக்கு, அதிகம் மன்னிக்கப்பட்டவன் என்று "நினைக்கிறேன்" என்கிறான். பதில் சரி என்று இயேசுவே ஒப்புக்கொள்கிறார். பரீட்சையில் முழு மதிப்பெண். அந்தக் கணக்கில் தானும் ஒரு கடன்காரன் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

அதன்பின் நடப்பதை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக்கொண்டு சீமோனிடம் பேசுகிறார். முகம் அவளிடம், பேச்சு இவனிடம். இவளைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். அவளைப் பாவி என்று அறிந்திருந்த சீமோன் அவளைப் பார்த்திருக்கவில்லை.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. அவள் மிகவும் அன்புகூர்ந்ததால் மன்னிக்கப்பட்டாளா, மன்னிக்கப்பட்டதால் அன்புகூர்ந்தாளா? 47ஆம் வசனத்தின் இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இதை வைத்து நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். கடன் கதையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் எனக்கு ஐயமில்லை. கடன் விட்டது முந்தி, அன்பு பிந்தி. அவளுடைய கண்ணீர் மன்னிப்புக்குக் கட்டிய விலையாக இருக்க முடியாது. ஆகவே நம் அன்பின் ஆழத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளத்தின் உருக்கத்தைத் தடவிப் பார்ப்பது முதல் வேலை ஆகாது. எவ்வளவு விடப்பட்டது என்று நமக்குத் தெரியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி கடற்கரை. இங்கே எல்லாம் தலைகீழ். சீமோன் வீட்டில் சீமோன் விருந்து வைத்தான். இங்கே இயேசு அடுப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ராமுழுதும் ஒன்றும் கிடைக்காமல் விடியலில் 153 மீன் பிடித்தவர்கள் கரையேறிச் சாப்பிடுகிறார்கள். வாருங்கள், சாப்பிடுங்கள் என்பதுதான் அவர்கள் காதில் விழும் முதல் அழைப்பு. அன்பாயிருக்கிறாயா என்ற கேள்வி வயிறு நிறைந்த பிறகே வருகிறது.

யோவான் ஒரு சிறிய பொருளைக் குறித்து வைக்கிறார்: கரிநெருப்பு. கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இந்தக் கடற்கரை. மற்றது 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய முற்றம்; பேதுரு குளிர்காய்ந்துகொண்டே நான் அல்ல என்று சொன்ன இடம். கருகும் கரியின் வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியபோது அந்த இரவு முழுவதும் திரும்பி வந்திருக்கும். அவனிடம் இயேசு ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை. பேதுரு என்று தாம் கொடுத்த பெயரைச் சொல்லியும் கூப்பிடவில்லை. பழைய பெயர், தகப்பன் பெயரோடு சேர்த்து, மூன்று முறை: யோனாவின் குமாரனாகிய சீமோனே.

"இவர்களிலும் அதிகமாய்" என்பதில் "இவர்கள்" யார் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. படகையும் வலையையும் சொல்கிறார் என்பாரும் உளர். எனக்கு மற்றச் சீஷர்களைச் சொல்வதாகவே படுகிறது. எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன் என்று பந்தியிலிருந்து எழுந்துபோன அந்த இரவில் அளந்து பேசியவன் பேதுருதானே. தன் அன்பைப் பக்கத்தில் இருப்பவனின் அன்போடு வைத்து அளந்தவன். இப்போது அதே அளவுகோலை இயேசு எடுத்து அவன் கையில் கொடுக்கிறார். அவன் வாங்கவில்லை. அவன் பதிலில் "அதிகமாய்" இல்லை, "இவர்கள்" இல்லை. நான் உம்மை நேசிக்கிறேன், அதை நீர் அறிவீர் என்பது மட்டும்தான். சாட்சி சொல்லத் தன்னையே கூப்பிடாமல் எதிரில் இருப்பவரைக் கூப்பிடுகிறான். முற்றத்தில் அவன் 500 கடன்பட்டவனாகிவிட்டான். அதற்கு முன்பும் அவ்வளவே கடன், அவன் 50 என்று நினைத்திருந்தான்.

இயேசு அகபாவோ என்று கேட்க பேதுரு பிலேயோ என்று பதில் சொன்னான், முன்னது தெய்வீக அன்பு, பின்னது வெறும் நட்பு என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அன்பாயிருத்தல், நேசித்தல் என்று இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்து வைத்திருப்பதை மெச்ச வேண்டும். ஆனால் சொல்லை வைத்தே அன்பின் தரம் பிரிப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. பிதா குமாரனை நேசிப்பதற்கு யோவான் 5:20இல் பிலேயோதான் வருகிறது. உடன்ஊழியன் தேமா உலகத்தின்மேல் ஆசை வைத்துத் தம்மை விட்டு ஓடியதற்குப் பவுல் அகபாவோவைத்தான் போடுகிறார். இரண்டும் ஒன்றே என்று அகுஸ்தீனும் எழுதியிருக்கிறார். நேசம் என்ற நம் சொல்லோடு உறவுடைய ஸ்நேகம் என்ற வடசொல்லுக்கு எண்ணெய் என்றும் பொருள் உண்டு. பரிசேயன் வீட்டில் தைலம் பூசியவளை நினைத்தால் அது ஒன்றும் தாழ்ந்த சொல்லாகத் தோன்றவில்லை.

இரண்டு காட்சிக்கும் பாலமாக ஓர் அழுகை இருக்கிறது. சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பிப் பார்த்தார், பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான் என்று எழுதியவரும் லூக்காவே. அந்தப் பெண் பாதத்தருகே வந்து அழுதாள். பேதுரு விலகிப் போய் அழுதான். அவளுக்குச் சமாதானத்தோடே போ என்ற சொல் கிடைத்தது. பேதுருவுக்குக் கிடைத்தது வேலை. ஆட்டுக்குட்டிகளை மேய், ஆடுகளை மேய். நேசிக்கிறேன் என்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆடு நிற்கிறது. அவை பேதுருவின் ஆடுகள்கூட இல்லை, அவருடைய ஆடுகள்.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கையாகக் கொட்டுவார்கள். பிடி அரிசி என்று பெயர். அம்மா உழக்கால் அளந்து முறத்தில் போட்டதும், களைவதற்கு முன் ஒரு கை அள்ளி ஓலைப்பெட்டியில் போடுவாள். அரிசி குறைந்த வாரங்களில் உழக்குத் தலைதட்டாமல் நிற்கும். பிடி மட்டும் சிறுத்ததில்லை. "மிஞ்சுனதக் குடுக்கக் கூடாதுலே" என்பாள். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒருநாளும் பேசியதில்லை. வேலித் தகராறில் எங்களோடு மூன்று வருஷம் பேச்சில்லாமல் இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி படுக்கையில் விழுந்தபோது, அதே உலையிலிருந்து கஞ்சி வடித்துத் தூக்குச்சட்டியில் என் கையில்தான் கொடுத்து அனுப்பினாள். அந்த வயதில் அது எனக்குப் பிடிக்கவில்லை. யோவான் 21 எனக்கு ஓரளவு விளங்கியது பிற்பாடு அந்தத் தூக்குச்சட்டியை நினைத்தபோதுதான்.

நானோ பல வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொன்னவன். 500, 50 கதையைப் பிள்ளைகளிடம் கேட்டுச் சரியான பதில் வாங்கியவன். லெந்து காலத்தில் சபையில் கட்டம் போட்ட தாள் கொடுப்பார்கள்; நாற்பது நாளும் எத்தனை அதிகாரம் வாசித்தோம், எவ்வளவு நேரம் ஜெபித்தோம், எத்தனை உபவாசம் என்று எழுத வேண்டும். ஒரு வருஷம் ஒரு கட்டமும் விடாமல் நிரப்பினேன். அந்த நாற்பது நாளும் என் உடன்பிறந்தவனோடு பேசாமல்தான் இருந்தேன். தாளைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். முதல் சீமோனின் வீட்டில் நான் வெகுகாலம் குடியிருந்திருக்கிறேன்.

கடற்கரையில் பதில் சொன்ன பேதுருவுக்கும் சோதனை முடிந்துவிடவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகினான் என்று கலாத்தியர் 2இல் இருக்கிறது. பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரில் எதிர்த்து நின்றவர்களில் கிறிஸ்தவப் பாடல்கள் எழுதிய வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கிறிஸ்துபக்தியை யாரும் ஐயப்பட முடியாது. வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் நின்ற காலமும் இருந்தது. பாட்டில் உருகுகிற அன்பு பந்தியில் நின்றுவிடுவதைத் தமிழ்ச் சபை நன்றாகவே அறியும்.

பேதுரு முதிர்வயதில் கைகளை நீட்டுவான், வேறொருவன் அவனைக் கட்டிக் கொண்டுபோவான் என்று இயேசு அந்தக் காலையிலேயே சொன்னதை யோவான் எழுதி வைக்கிறார். பரிசேயனாகிய சீமோன் அன்று விருந்து முடிந்தபின் என்ன செய்தான் என்று லூக்கா எழுதவில்லை.

இந்த லெந்து காலத்தில் உங்களுக்கும் ஒரு தாள் கையில் வந்தால் நிரப்புங்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதன் பின்பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள், நீங்கள் பேசாமல் விட்ட ஒருவருடைய பெயர். உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன்னால் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.