ஊர் கொடுத்த நெல்லும் பள்ளிக்கூடத்துச் சோறும்

ஆழ்வார்திருநகரி வட்டார விவசாய அன்பர்களே, பள்ளிக்கூடத்தில் உங்க பிள்ளை சாப்பிடுகிற சோற்றுக்கு ஒரு பழைய கதை உண்டு.

1956-ல் காமராஜர் நம்ம பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். முதலில் ஊர்க்காரர்கள் மனமுவந்து கொடுத்ததுதான் உலையில் விழுந்தது. பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு சாப்பாட்டுக்கு 10 நயா பைசா. அதில் அரசு 6, ஊர் 4.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரிசி கொடுக்கிற பொறுப்பு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு. அதிலிருந்து, ஊர்ப் பானைக்கு நேரே போன நெல் கொள்முதல் நிலையம், அரிசி ஆலை, கிட்டங்கி என்று சுற்றிப் போகிறது. அன்றைக்குக் கொடுத்தது தானம். இன்றைக்குக் கொடுப்பது விற்பனை. அரை ஏக்கர்காரருக்கு இதில் நஷ்டம் வரக்கூடாதே!

இங்கேதான் ஆராய்ச்சி கைகொடுத்தது. 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் ஏ.எஸ்.டி. 16 ரகத்தைத் தந்தது. சுமார் 110 நாளில் அறுவடை, குண்டு அரிசி. கார் பருவத்தில் தண்ணீர் குறைகிற கடைமடைக்குக் குறைந்த வயது பெரிய வரம். இப்படிப்பட்ட ரகங்களை நிலையத்து வயலில் மட்டும் பார்த்தால் போதாது என்றுதான் விவசாயிகள் வயலிலும் போட்டுப் பார்க்கிறார்கள். அப்படிக் கேட்டு வந்தால் ஒரு பாத்தி ஒதுக்குங்க. குறையிருந்தால் தயங்காமல் சொல்லுங்க.

இன்னொன்று, கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்பது பொது விதி. களத்தில் நன்றாகக் காயவைத்துத் தூற்றிக் கொண்டுபோங்க. நல்ல நெல்லுக்கு முழு விலை உங்களுக்கு. நல்ல சோறு பிள்ளைகளுக்கு.