கியூ கோல்: வரலாறும் கைவினையும்

பிலியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசை விளையாட்டுகளில் பந்தை அடிக்கப் பயன்படும் மரக்கோல் கியூ எனப்படுகிறது. முனை ஒல்லியாகவும் பிடி கனமாகவும் உள்ள இக்கோல் பார்வைக்கு எளியது. ஆனால் இதைக் குறையின்றிச் செய்வதும் பழுது பார்ப்பதும் தேர்ந்த தச்சருக்கும் கடினமான வேலை. பெரும்புகழ் பெற்ற கியூக்களில் பல ஆலைகளில் உருவானவை அல்ல. வீட்டோடு அமைந்த சிறு பட்டறையில் ஒருவரே கடைந்து முடித்தவை.

உதகையும் கருங்காலியும்

இவ்விளையாட்டோடு தமிழ்நாட்டுக்கு உள்ள தொடர்பு ஓரளவு அறியப்பட்டதே. 1875இல் ஜபல்பூரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன், பிளாக் பூல் என்ற ஆட்டத்தில் வேறு வண்ணப் பந்துகளையும் சேர்த்து ஸ்னூக்கருக்கு வித்திட்டார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறொருவர், மாணவர்கள் இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவதுண்டு.) பின்னர் அவர் சென்னைப் படைத் தளபதி பிரடெரிக் ராபர்ட்ஸின் கீழ்ப் பணியாற்றியபோது கோடைக்காலங்களில் உதகமண்டலம் வந்தார். 1882இல் ஆட்டத்தின் விதிகள் முறையாக எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பிலியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. விதி எழுதியவரின் பெயர் இப்படி நிலைத்துவிட்டது. கோல் செய்பவர்களின் பெயர் அவ்வளவு எளிதில் நிலைப்பதில்லை.

இன்னொரு தொடர்பு அதிகம் பேசப்படாதது. மரபான ஸ்னூக்கர் கியூவின் தண்டு ஆஷ் மரத்தால் ஆனது. பிடிக்கு எபனி எனப்படும் கருமரம் சிறந்ததாகக் கருதப்பட்டது. அந்த எபனி வகைகளுள் மிகவும் மதிக்கப்பட்ட ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் கருங்காலி. இன்று கருங்காலி என்றதும் மாலைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி, தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பரப்பு, பிடிப்பக்கம் வேண்டிய கனம் ஆகியவையே கியூ செய்வோர் அதைத் தேடியதற்குக் காரணம்.

தோல் முனை

தொடக்கத்தில் பந்தை அடிக்கவில்லை, தள்ளினார்கள். மேஸ் எனப்பட்ட அந்தக் கருவியின் தலை அகலமானது. பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றால் அகலத் தலை உதவாது. எனவே கருவியைத் திருப்பி வாலால் அடித்தார்கள். வாலுக்குரிய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே கியூ என்ற பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மேங்கோ என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, சிறையில் இருந்த காலத்தில் கோலின் முனையில் தோலை ஒட்டி ஆடிப் பழகினார் என்று சொல்லப்படுகிறது. வெறும் மரமுனை பந்தின் நடுவை விட்டு விலகிப் பட்டால் வழுக்கிவிடும். தோல் பந்தைக் கவ்விப்பிடிக்கும். அதனால் பந்தைச் சுழலவிட முடியும். முனையில் பூசும் சாக்கும் இதற்கே உதவுகிறது. அது வகுப்பறைச் சாக்கட்டி அன்று. சிலிக்கா கலந்த கலவை. ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1897இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர்.

இணைப்பு

கியூவின் உயிர் அதன் இணைப்பில் இருக்கிறது. வெளிர்நிறத் தண்டு மரமும் கருநிறப் பிடி மரமும் ஒன்றையொன்று கூர்க்கூராக ஊடுருவிப் பொருந்த வேண்டும். காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் பல் பல்லாக ஓடும் தாழம்பூ ரேக்கைப் பார்த்தவர்களுக்கு இக்கூர்களின் தோற்றம் உடனே விளங்கும். ஒற்றுமை தோற்றத்தில் மட்டுமன்று. கோர்வை முறையில் மூன்று நாடாக்களைக் கொண்டு, உடல் இழையையும் கரை இழையையும் ஒன்றோடொன்று பூட்டி நெய்கிறார்கள். அழகாகத் தெரியும் இடமே உறுதி தரும் இடமும் ஆகிறது. கியூவிலும் அப்படித்தான். கூர்கள் நீளும்போது இரு மரங்களும் ஒட்டும் பரப்பு கூடுகிறது. அடியின் அதிர்வு தடையின்றிக் கைக்கு வருகிறது.

இந்த இணைப்பையே அடித்தளமாகக் கொண்டு புகழ்பெற்றவர் ஜார்ஜ் பாலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறியவர், தச்சுவேலை அறிந்தவர். 1959 அளவில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நண்பர்களுக்குப் பரிசளிப்பதற்காகத் தம் பட்டறையில் கியூ செய்யத் தொடங்கினார். தொடக்கத்தில் எல்லாவற்றையும் அவர் புதிதாகச் செய்யவில்லை. பிரன்ஸ்விக் நிறுவனம் விளையாட்டுக் கூடங்களுக்காகச் செய்த டைட்லிஸ்ட் என்ற ஒற்றைத் துண்டுக் கோலின் இணைப்பு மிகத் துல்லியமானது. அதை எடுத்து, நடுவே அறுத்து, மரையிட்டு, மீண்டும் கடைந்து இருதுண்டு கியூவாக மாற்றினார். பழைய பொருளைத் திருத்தும் வேலையிலிருந்தே இக்கலை வளர்ந்தது என்பதற்கு இது நல்ல சான்று. 1975இல் அவர் மறைந்தார். 1986இல் வெளியான 'தி கலர் ஆஃப் மணி' திரைப்படம் அவர் பெயரைப் பூல் ஆடாதவர்களிடமும் கொண்டுசென்றது. ஆனால் படத்தில் வந்தது அவர் செய்த கோல் அன்று. ஜாஸ் நிறுவனம் அதே தோற்றத்தில் செய்தது.

பெயர் பரவியதும் போலிகளும் பெருகின. பாலபுஷ்கா எல்லாக் கோல்களிலும் கையெழுத்திடவில்லை. ஆகவே கூர்களின் நீளம், பூணின் அமைப்பு, மரையின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண வேண்டியுள்ளது. காஞ்சிப் புடவைகளும் பெரும்பாலும் கடையின் பெயரைத் தாங்கியே விற்பனையாகின்றன. நெய்தவர் பெயர் தெரிவதில்லை. அங்கும் கோர்வையைப் பார்த்தே கைத்திறனை எடைபோடுகிறார்கள்.

பட்டறை வேலை

வீட்டுப் பட்டறைக்கு முதல் தேவை பொறுமை. மேப்பிள் மரத்தை ஒரே நாளில் கடைந்து மெலிதாக்கினால் அது வளைந்துவிடும். சிறிது கடைந்து, பல வாரங்கள் தொங்கவிட்டு, மீண்டும் சிறிது கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் மரத்தின் உள்விசை தளர்ந்து அது அசையும். அசைந்ததை அடுத்த கடைசலில் நேராக்குவார்கள். நார் நீளவாட்டில் ஓடாத துண்டைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. முடிந்த பூல் கியூ ஏறத்தாழ 58 அங்குல நீளமும் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையும் கொண்டிருக்கும். அதன் முனையின் குறுக்களவு 12 முதல் 13 மில்லிமீட்டர். ஸ்னூக்கர் கியூவின் முனை இன்னும் சிறியது.

பழுதுகளில் மிகுதியானது தோல் முனை தேய்வது. பழைய தோலை அறுத்தெடுத்து, பூணின் மேற்பரப்பைச் சமமாக்கி, புதிய தோலின் அடியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி ஒட்டி, காய்ந்தபின் ஓரத்தைச் சீவிக் குவிந்த வடிவம் தருவார்கள். பூண் வெடித்திருந்தால் வேலை கூடும். பழைய கியூக்கள் சிலவற்றில் யானைத் தந்தப் பூண் இருக்கும். 1989இல் எடுக்கப்பட்ட முடிவால் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டதால், மாற்றாகச் செயற்கைப் பொருளையே பொருத்துகிறார்கள்.

தண்டு வளைந்துவிட்டால் நிலையான தீர்வு அரிது. ஆவி காட்டி நிமிர்த்தினாலும் ஈரப்பதம் மாறும்போது பெரும்பாலும் பழைய வளைவு திரும்பும். தடிமன் மிச்சமிருந்தால் மீண்டும் கடையலாம். இல்லையெனில் பிடியை வைத்துக்கொண்டு புதிய தண்டு செய்வதே வழி. வெயிலில் நிறுத்திய காருக்குள் கியூவை விட்டுவைப்பதும், மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து வைப்பதும் வளைவுக்கு முக்கியக் காரணங்கள்.