கீழாநெல்லியும் வெற்றுக்குளிகையும்

பந்தல்குடி, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த நிலங்களில் ஐப்பசி மழை இறங்கியதும் வரப்போரம் தானே முளைத்தெழும் சிறு செடி கீழாநெல்லி. இலைக்கொத்தின் அடிப்புறத்தே நெல்லி போன்ற சிறு காய்களைத் தாங்குவதால் வந்த காரணப்பெயர் அது. மஞ்சள் காமாலைக்கு அதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். அவ்வழக்கை அறிவியலின் துலாக்கோலில் நிறுத்தியவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கி, பின்னாளில் அப்பல்கலைக்கழகத் துணைவேந்தருமான எஸ்.பி. தியாகராஜன்.

காமாலை நோயன்று, நோயின் அறிகுறி. அதனை விளைவிக்கும் வைரசுகள் பல. அவற்றுட் சிலவற்றை உடலின் எதிர்ப்பாற்றலே சில வாரங்களில் வென்றுவிடும். அங்ஙனமாயின் குணமாக்கியது மருந்தா, உடலா? ஹெபடைட்டிஸ்-பி வைரசு அத்தகையதன்று. பிறப்பின்போது அது தொற்றிய குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அதனை நெடுங்காலம் சுமக்கின்றனர். அவ்வைரசு ஈரலை நேரே அழிப்பதில்லை. அது குடிபுகுந்த செல்களை நம் எதிர்ப்பாற்றல் தாக்குவதாலேயே ஈரல் சிதைகிறது. ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமும் புற்றும் தோன்றலாம்.

இவ்வைரசைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் புளூம்பர்க். தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லிச் சாற்றைச் சோதனைக்குழாயில் ஆராய்ந்து 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர், புளூம்பர்க்கும் உடனிருக்க, சென்னையில் மனிதரிடையே ஆய்வு நடந்தது. வைரசைச் சுமப்போரில் ஒரு சாரார்க்குச் செடிப்பொடி 200 மில்லிகிராம் நாளுக்கு மும்முறை, 30 நாட்கள் தரப்பட்டது. மறுசாரார்க்கு மருந்தில்லா வெற்றுக்குளிகை. மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் வைரசின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுக்குளிகை உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. 1988-இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டபோது உலகம் நம் வரப்புச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆயினும் 1990-இல் தாய்லாந்து ஆய்வாளர் அறிவித்த முடிவு வேறு. அப்பலன் அங்குக் கிட்டவில்லை. பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோரும் உறுதியான சான்று இல்லை என்றே கூறினர்.

இது தோல்வியா? அன்று என்பேன். பாட்டன் சொன்னான் என்று பரவசப்படுவதும், பாமரர் வழக்கென்று புறந்தள்ளுவதும் எளிது. இரண்டையும் விடுத்து, வெற்றுக்குளிகையைப் பக்கத்தில் வைத்து உண்மை கேட்பதே அரிது. தமிழ்ப் பெருமை பாடும் நாம் அந்த 23 பேரை மறத்தலாகாது. மருந்தின் மதிப்பை உரைத்தறியும் கட்டளைக்கல் அவர்களே. காமாலை கண்டவரிடம் கவிதையாய்ச் செடியைப் புகழுமுன், குருதிச் சோதனை செய்துகொள்ளச் சொல்வோம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துள் தடுப்பூசி போடச் சொல்வோம். வரப்பில் கீழாநெல்லி என்றும்போல் முளைக்கட்டும். அதனைப் பாடும் சொல்லும் சோதனைக்கு அஞ்சாததாகட்டும்.