நீரரவும் ஏரி வாரியமும்

ஹெரக்ளீஸ் என்னும் கிரேக்க வீரனைக் கண்ணனோடு இணைத்துக் காணும் வழக்கு நெடுநாளையது. சூரசேன நாட்டார் ஹெரக்ளீசைப் போற்றினர் என மெகஸ்தனிஸ் எழுதிச் சென்ற குறிப்பே அதற்கு அடிப்படை. அவன் பல தலை நீரரவைக் கொன்றான். கண்ணன் காளியனை அடக்கினான். இவ்வொப்புமை ஒன்றே கொண்டு ஒரு நாட்டார் கதையை மற்றொரு நாட்டார் கடன் கொண்டனர் எனத் துணிதல் பொருந்தாது. கதைக்கு நிலைக்களனாய் நின்ற வாழ்வை ஆராய்தலே முறை. நீரை அடக்கும் அரும்பணியை இருவேறு மக்கள் எவ்வாறு எண்ணினர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

நீரரவு வாழ்ந்த இடம் ஆர்கோஸ் நகரை அடுத்த லெர்னாச் சதுப்பு. ஒரு தலையை வெட்டின் இரண்டு முளைத்தன. உடன் சென்ற இயோலாவோஸ் வெட்டுவாயைத் தீயாற் சுட்டான். அழியாத் தலையொன்றை ஹெரக்ளீஸ் பாறையின்கீழ்ப் புதைத்தான். இவ்வரவு, ஒரு வாயை அடைத்தால் பல வாய் திறந்து பெருகிய நீரூற்றே என வர்ஜிலின் உரையாசிரியர் செர்வியஸ் விளக்குவர். அது பிற்கால விளக்கமேயாயினும் புறக்கணிக்கத் தக்கதன்று. இக்கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. துணைவன் உதவினான் என்பதனால் யூரிஸ்தியஸ் மன்னன் இச்செயலைக் கணக்கிற் கொள்ள மறுத்தான். வீரம் தனியொருவனுக்கே உரியது என்பது அவன் கொள்கை.

இனி உத்தரமேரூரைக் காண்போம். வயிரமேக தடாகம் என இவ்வூர்க் கல்வெட்டுக்கள் கூறும் ஏரியே ஊரின் உயிர்நிலை. முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் சபை வகுத்த குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளினின்றும் குடவோலை வழியே தேர்ந்தவருள் அறுவர் ஏரி வாரியம் செய்தனர். அவர்தம் பணிக்காலம் 360 நாள். அண்மை மூவாண்டுக்குள் வாரியம் செய்தோரும், வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரும் விலக்கப்பட்டனர்.

இவ்விரண்டையும் ஒப்பிடின் ஓருண்மை புலனாகும். ஏரியில் வண்டல் ஆண்டுதோறும் படியும். கரை ஆண்டுதோறும் கரையும். இவையும் அழியாத் தலைகளே. ஒரு நாள் வீரத்தால் இவை ஒழியா. ஆதலின் உத்தரமேரூரார் வீரனை நாடாது முறையை நாடினர். கிரேக்க மன்னன் துணைவனைக் குறையெனக் கண்டான். சபையோ ஒருவன் கையிலேயே பணி தங்குதலைக் குறையெனக் கண்டது.

எனினும் இச்சபையை மிகைப்படப் புகழ்தல் வரலாறு ஆகாது. இது பிரமதேயச் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், தன் மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையார்க்கே வாரியத்தில் இடம் இருந்தது. ஏரியில் இறங்கி மண் சுமந்தோரைப் பற்றி இவ்விரு கல்வெட்டுக்களும் யாதும் கூறவில்லை. இயோலாவோஸ் கணக்கில் விடுபட்டும் கதையில் நின்றான்; ஏரி காத்த கூலியாளருக்கு அவ்விடமும் வாய்க்கவில்லை. கல்வெட்டு ஆராய்வோர் பொறித்த சொல்லோடு பொறியாது விட்டதையும் கருதுதல் வேண்டும்.