மருத்துவமனையும் நூலாக்கமும்: வியன்னாவும் மானிப்பாயும் காட்டும் வரலாறு

மருத்துவமனைப் பணியில் ஈடுபட்டிருக்கும் மருத்துவர்கள் தம் பட்டறிவை எழுத்தில் வடித்தல் வேண்டும் என்னும் வேண்டுகோள் அடிக்கடி எழுவதுண்டு. எழுதுதற்கு நேரமில்லை என்பதே அவர்கள் கூறும் விடை. அவ்விடை பொய்யன்று. நோயாளர் கூட்டத்திடையே நாள் முழுதும் உழைப்பவரை நோக்கி, இரவில் விழித்திருந்து கட்டுரை எழுதுக என்பது எளிது, செய்தல் அரிது. ஆயின், நேரமின்மை ஒன்றே எழுத்தின்மைக்குக் காரணமாமோ என்பது ஆராயத்தக்கது. 1847ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சிக்கு இரண்டு சான்றுகளை அளிக்கின்றது. ஒன்று வியன்னா நகரத்துப் பெருமருத்துவமனை. மற்றொன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய். இவ்விரண்டையும் ஒப்புநோக்கி, எழுத்து எத்தகைய சூழலில் விளைகின்றது என்பதைக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியன்னாப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ மூவரினும் குறைவு. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடியவர் முதற் பிரிவில் துணை மருத்துவராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ். பிண அறையிலிருந்து வரும் மாணவர் கைகளே நச்சுப்பொருளைக் கொணர்கின்றன என அவர் துணிந்தார். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த நீரால் கை கழுவும் முறையை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டில் அப்பிரிவின் இறப்பு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற்கு இறங்கிற்று.

இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவர் அதனை உடனே எழுதினாரல்லர். அவர் நண்பர் ஹெப்ரா 1847இன் இறுதியிலும் 1848இலும் வியன்னா மருத்துவர் இதழில் சுருக்கமாக அறிவித்தார். செம்மல்வைஸ் தம் பெயரால் முழுநூல் வெளியிட்டது 1861இல். கண்டுபிடிப்பிற்கும் நூலுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. எழுதுவதில் தமக்கு இயல்பாகவே விருப்பமின்மையைத் தம் தாமதத்திற்குரிய காரணமாக அந்நூலின் முன்னுரையில் அவரே கூறுகின்றார். இதற்கிடையில் அவர் கொள்கை பிறர் வாய்வழிப் பரவித் திரிபுற்றது. பிண நச்சு ஒன்றையே அவர் குறித்தார் எனப் பலர் கருதினர். அழுகும் உயிர்ப்பொருள் யாதும் அந்நோயை விளைக்கும் என்னும் அவருடைய விரிந்த கருத்து அவர்களை எட்டவில்லை. எழுத்தின்மையே அவர் கொள்கை புறக்கணிக்கப்பட்டமைக்கு முழுக்காரணம் என்று யாம் கூறவில்லை. நுண்ணுயிர்க் கொள்கை அன்று நிலைபெறவில்லை. மேலதிகாரியின் ஆதரவும் அவருக்கு இல்லை. 1849இல் அவர் பதவிக்காலமும் நீட்டிக்கப்படவில்லை. எனினும், பதிவேடுகளிற் சான்று நிறைந்திருந்தும் அதனை எழுத்தாக்குவது யாருடைய கடமையாகவும் கருதப்படாமை ஈண்டு நோக்கத்தக்கது.

இனி மானிப்பாய்க்கு வருவோம். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டரில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க மிசன் மருத்துவராக 1847இல் இலங்கை வந்தார். 1848இல் மானிப்பாயில் தம் பணியைத் தொடங்கினார். நோயாளரைப் பார்த்தல், அறுவை செய்தல், வாந்திபேதி பரவுங்கால் ஊர்தோறும் செல்லுதல், மாணவரைப் பயிற்றுதல் ஆகிய அனைத்தும் அவர் கடமைகளாயின. ஓய்வு மிகுந்த வாழ்வு அன்று அது. இருந்தும் அவர் ஆக்கியும் திருத்தியும் வெளிப்படுத்திய தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இப்பெரும்பணி கைகூடிய வகைகளாக மூன்றனைக் கூறலாம்.

முதலாவது, தேவை. ஆங்கில வழியிற் பயின்ற மாணவர் அரசாங்க ஊழியம் நாடி வேற்றிடம் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றி நின்றன. ஆதலின் 1864 தொடங்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கக் கிறீன் துணிந்தார். வகுப்பில் மாணவர் அமர்ந்திருக்க, நூல் இல்லாமல் எங்ஙனம் கற்பிப்பது? எழுத்து அவருக்குப் பணிக்குப் புறம்பான அணிகலனன்று; பணி நடைபெறுதற்கு இன்றியமையாத கருவி.

இரண்டாவது, பகிர்வு. தொடக்கத்தில் தாமே மொழிபெயர்த்த கிறீன், பின்னர்த் தம்மிடம் பயின்ற சாப்மன், தான்வதர் முதலியோரை அப்பணியிற் சேர்த்துக்கொண்டார். ஒருவர் வரைய ஒருவர் திருத்துவது என்னும் முறையில் நூல்கள் வளர்ந்தன. 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னும் வேலை நிற்கவில்லை. கெமிஸ்தம் 1875இல் நாகர்கோயிலில் அச்சாயிற்று. ஊஸ்டரிலிருந்தே அவர் தமிழ்ப்படிகளைத் திருத்தி வந்தார். 1884இல் அவர் மறைந்தார். தனியொருவர் கையில் மட்டும் தங்கியிருந்த பணியாயின், 1873இலேயே அது முடிந்திருக்கும்.

மூன்றாவது, சொல்லாட்சி பற்றிய வரையறை. ஒரு பொருளுக்குத் தமிழ்ச்சொல் உளதா என முதலில் தேடுவது. இல்லையாயின் வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைப்பது என்பது அவர் கொண்ட முறை. அங்காதிபாதம், சுகரணம் என்பனவும், கெமிஸ்தம் என்பதும் இம்முறைக்கு எடுத்துக்காட்டுகள். இம்முறை முழுதும் ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. இன்று நாம் உடலியல், வேதியியல் என வழங்குகின்றோம். ஆனால், ஒவ்வொரு சொல்லிலும் நின்று தயங்காது எழுத அவ்வரையறை துணைசெய்தது என்பது தெளிவு. அவர் சொற்றொகுதிகளையும் தொகுத்து வெளியிட்டார்.

இவை மொழிபெயர்ப்புகளே, ஆராய்ச்சி எழுத்து ஆகா என்பாரும் உளர். மூலநூல்கள் ஆங்கிலத்தன என்பது உண்மை. ஆயினும், ஒரு மொழியில் முன்னர் வழங்காத நவீன உடற்கூற்றியலை அம்மொழியில் முதன்முறை முறைப்படுத்துவது வெறும் பெயர்த்தெழுதுதல் அன்று. எலும்பு, தசை, நரம்பு ஒவ்வொன்றையும் பிரித்தறிந்து பெயரிடுதல் நுண்ணிய ஆராய்ச்சியே.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் கருதத்தக்கது. கிறீன் வழியில் அறுபதின்மருக்கு மேற்பட்ட மருத்துவர் உருவாயினர். ஆயின் அவர்க்குப் பின் தமிழ்வழிப் பயிற்சி தொடரவில்லை; அவ்வரிசையில் புதிய பெருநூல்களும் தோன்றவில்லை. மருத்துவர்க்கு ஆற்றல் குன்றியதால் எழுத்து நின்றதன்று. எழுத்தை வேண்டிநின்ற வகுப்பு மறைந்தமையால் அது நின்றது.

இன்றைய நிலைக்கு இதனாற் பெறப்படுவது யாது? மருத்துவர்க்கு எழுத்தார்வம் ஊட்டுதற்கு அறிவுரை மட்டும் போதாது. பதவி உயர்வுக்கு வெளியீடுகளைக் கணக்கிடும் விதியும் முழுப்பயன் தாராது. அவ்விதி எண்ணிக்கையைப் பெருக்கலாமேயன்றிப் பொருளைப் பெருக்கும் என்பது உறுதியன்று. மருத்துவமனை தன் பணிநேரத்திலேயே எழுத்திற்கு ஒரு பகுதி ஒதுக்குதல் வேண்டும். மூத்த மருத்துவரின் பட்டறிவும் இளையோரின் கைவேலையும் ஒருங்கு சேர்தல் வேண்டும். நூறு பக்கத்து நூலை எதிர்நோக்காது, அரிதாகக் கண்ட ஒரு நோயாளரின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் ஒழுங்குபட எழுதுவதே தொடக்கமாகலாம். தமிழில் எழுத முன்வருவோர்க்குச் சொல்லுதவியும் திருத்தவுதவியும் அளிப்பது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடன். மானிப்பாயில் மருத்துவரே சொல்லாராய்ச்சியாளராகவும் இருக்க நேர்ந்தது. இன்று அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளத் தமிழ் கற்றோர் பலர் உளர். கலைச்சொல் தொகுதிகளும் உள.

நாள்தோறும் ஆயிரக்கணக்கான தமிழ் நோயாளர் தம் நோயைத் தமிழிலேயே கூறுகின்றனர். அவர் கூற்றிலிருந்து மருத்துவர் அறிவன பலவும் நோய்க்குறிப்புத் தாளோடு நின்றுவிடுகின்றன. வியன்னாவில் பதிவேட்டிலிருந்த உண்மை நூலாவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அவ்விடைக்காலத்தில் பிற நகரங்களில் தாய்மார் இறந்துகொண்டேயிருந்தனர். அத்தகைய தாமதம் நம் மருத்துவமனைகளில் நேராது காத்தல் மருத்துவர்க்கு மட்டுமன்றித் தமிழ் ஆய்வாளர்க்கும் உரிய பொறுப்பாகும்.