இரண்டு எண்களின் கதை

பெரியநீலாவணைக் கடற்கரையில் ஒரு மாலைவேளை. நண்பரொருவர் புதிதாக வாங்கிய பைனாகுலரை நீட்டினார். “எத்தனை மடங்கு?” என்றுதான் நானும் கேட்டேன். அதன்மேல் 20×50 என்று பொறிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்த தோணிகள், பொழுது சாய்ந்ததும் கண்ணாடிக்குள் மங்கி மறைந்தன.

இக்கடலோரத்திற்கும் அக்கருவிக்கும் பழைய உறவொன்று உண்டு. 1602இல் மட்டக்களப்புக்கு வந்த ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், சீலாந்து மாகாணத்திலிருந்து புறப்பட்டவர். கரையைத் தேட அவருக்கு வெறுங்கண்ணே துணை. 1608இல் அதே மாகாணத்தின் மிடில்பேர்க் நகரைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடி வினைஞர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தொலைநோக்கிக்குக் காப்புரிமை கோரினார். இரு கண்களாலும் பார்க்கத்தக்கதாக அதைச் செய்து தருமாறு ஆட்சியாளர் கேட்டனர். காப்புரிமை கிடைக்கவில்லை, இருகண் கருவி பிறந்தது.

பொறிக்கப்படும் எண்களில் முதலாவது, உருவம் எத்தனை மடங்கு பெருக்கப்படுகிறது என்பது. இரண்டாவது, முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். நண்பரின் கருவியில் அது 2.5 மில்லிமீற்றர்; கடலோடிகள் விரும்பும் 7×50இல் ஏறத்தாழ 7. இருளில் இளைஞரின் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஐம்பதைக் கடந்த என் போன்றோருக்கு அது 5 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். மடங்கு கூடக்கூடக் கைநடுக்கமும் சேர்ந்தே பெருகும்.

இக்கணக்கு உயிர்களோடு தொடர்புடையது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு, 307 பேர் மாண்டனர். அது பகற்போர். நான்கு மாதங்களின் பின், சாவோ தீவருகே, அதே யப்பானியக் கடற்படை இரவில் போரிட்டது. அதன் போர்க்கப்பல்களில் 120 மில்லிமீற்றர் வில்லையும் 20 மடங்கு உருப்பெருக்கமும் கொண்ட பெருங்கருவிகள் பீடங்களில் பொருத்தப்பட்டிருந்தன. வகுத்துப் பாருங்கள்: 6 மில்லிமீற்றர். இருளில் பயின்ற யப்பானியக் காவலர்கள் அமெரிக்க நாசகாரியைத் தூரத்திலேயே கண்டுகொண்டனர். ராடார் இருந்தும் அக்கப்பல் அவர்களைக் காணவில்லை. அன்றிரவு நேச நாடுகள் நான்கு பெரும் போர்க்கப்பல்களை இழந்தன.

நண்பரின் கண்ணாடியும் 20 மடங்குதான். மடங்கை மட்டும் கேட்டு வாங்கியவர், வில்லையின் அகலத்தைக் கேட்க மறந்திருந்தார். நானும்தான்.