இருமுறை கதிரவன் எழுந்த பயணம்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாத் தமிழருக்கு அது தாயகத்துக் கப்பலும் கடிதமும் நின்றுபோன காலம். ஆஸ்திரேலியருக்கோ இங்கிலாந்துக்குச் செல்லும் வான்வழியே அறுபட்ட காலம். 1938 முதல் நீர்விமானங்கள் சிட்னியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஏறத்தாழ ஒன்பது நாட்களில் இங்கிலாந்தை அடைந்து வந்தன. பகலில் பறப்பதும் இரவில் விடுதியில் உறங்குவதுமாக அப்பயணம் அமைந்திருந்தது. வழியின் நடுக்கண்ணி சிங்கப்பூர். அது கழன்றதும் சங்கிலி பயனற்றுப் போயிற்று.

அதனை மீண்டும் இணைக்க எஞ்சியிருந்த வழி இந்தியப் பெருங்கடல் ஒன்றே. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே 1943-ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனத்தார் கட்டலினா நீர்விமானங்களைச் செலுத்தத் தொடங்கினர். தொலைவு சுமார் 5,650 கிலோமீட்டர். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. வகுத்துப் பார்க்கும் மாணவர் 28 மணி நேரம் என்பர். காற்றின் போக்கிற்கேற்ப உண்மையில் 27 முதல் 33 மணி வரை ஆயிற்று. இடையில் இறங்குதற்கு இடமில்லை. ஆகவே விமானம் முழுவதும் எரிபொருளே நிறைந்தது. பயணிகள் மூவர், அஞ்சல் 69 கிலோ, அவ்வளவே ஏற்ற இயன்றது.

பகைவர் கண்காணித்த பகுதியை இருளில் கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலிக் கருவி வாய்மூடி இருத்தல் வேண்டும். வழிகாட்ட விண்மீன்களே துணை. ஐந்து விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைஜல், ஆன்டாரிஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களையே சூட்டினர். இவற்றுள் ஆல்டேர் நம் திருவோணம், ஆன்டாரிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. வானநூலைச் சோதிடத்திற்கு மட்டுமே உரியதெனக் கருதும் நம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் எழக் கண்டவர்களுக்கு, 'இரட்டைக் கதிரெழுச்சி இரகசியக் கழக' உறுப்பினர் என்று சான்றிதழ் வழங்கினர். இறக்கும் அச்சத்திலும் நகைச்சுவை குன்றாதவர்கள்! கொக்கலை மக்கள் அத்தகைய சிரிப்புக்கு உரியவர் அல்லர். விமானத் தளத்திற்காக அவர்கள் தம் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த இல்லம் அவ்வூரில் இடிபடாது தப்பியது. விமானத்தைப் போற்றும் நூல்கள் அம்மக்களைப் பற்றி ஓரிரு வரிகளுடன் நின்றுவிடுகின்றன, இது குறையே.

1945 ஜூலை வரை கட்டலினாக்கள் இக்கடலை 271 முறை கடந்தன, ஒன்றேனும் விபத்துக்குள்ளாகவில்லை. 1944-இல் லிபரேட்டர் விமானங்களும் இவ்வழியில் சேர்ந்தபின் பயண நேரம் வெகுவாகக் குறைந்தது. 2018-ஆம் ஆண்டில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கே, சுமார் 14,500 கிலோமீட்டரை, எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் கடக்கும் சேவை தொடங்கிற்று. கட்டலினாவில் பயணம் செய்தவர் அந்நேரத்தில் நடுக்கடலில்தான் இருந்திருப்பார்.

அந்த ஐந்து விமானங்களும் அமெரிக்காவிடமிருந்து போர்க்கால உடன்படிக்கையின்கீழ்ப் பெறப்பட்டவை. போர் முடிந்ததும் அவ்வுடன்படிக்கையின்படி அவற்றைக் கடலுக்குக் கொண்டுசென்று மூழ்கடித்துவிட்டனர்.